வலியில்லாத குடல் தமனிச் சுருக்கம்: விட்டுவிடுவதா, கண்காணிப்பதா, சரிசெய்வதா?

பெரியம்மாவின் சிறுநீரகத்தில் கட்டி போல ஏதோ தெரிகிறது என்று மருந்து செலுத்தி வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். அது வெறும் நீர்க்கட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இருந்தது. நிம்மதியாக மடித்து உறைக்குள் வைக்கப் போகும்போதுதான் அக்கா இரண்டாம் பக்கத்தின் கடைசி வரிகளைப் படித்தாள். குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளில் இரண்டு, கிளம்பும் இடத்திலேயே சுருங்கியிருக்கின்றன. மேலே உள்ளதில் கடுமையான சுருக்கம், அடுத்ததில் சுமார் 70 சதவீதம். பெரியம்மாவுக்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் கிடையாது. வேறு எதையோ தேடப் போய் இது கண்ணில் பட்டது.

அன்று ராத்திரிக்குள் வீட்டில் மூன்று கட்சிகள் உருவாகிவிட்டன. வலியே இல்லாததை எதற்குத் தொடுவது என்றார் மாமா. இதயத்தில் அடைப்பு என்றால் குழாயை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் வைக்கிறார்கள், இதற்கும் வைத்துவிட்டால் என்ன என்றான் தம்பி. ஒன்றும் செய்யாமல் இருந்தால் திடீரென்று குடல் செத்துவிடும் என்று எங்கோ படித்துவிட்டு அக்கா தூங்கவே இல்லை. மூவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. எந்த உண்மை எந்த நோயாளிக்குப் பொருந்தும் என்பதுதான் பிரச்சினை. அடுத்த சில வாரங்களில் மருத்துவரிடம் கேட்டதையும் ஆய்வுகளில் படித்ததையும் இதே மாதிரி ஓர் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தவிப்பவர்களுக்காக எழுதுகிறேன். படங்களை நேரில் பார்த்த மருத்துவர் சொல்வதற்கு இது மாற்று ஆகாது. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக உதவும்.

வலி ஏன் இல்லை?

குடலுக்கு ரத்தம் மூன்று குழாய்கள் வழியாக வருகிறது. மூன்றும் வயிற்றுப் பெருந்தமனியின் முன்பக்கத்திலிருந்து ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிளம்புகின்றன. மேலே இருப்பது சீலியாக் தமனி. இரைப்பை, கல்லீரல், மண்ணீரல் எல்லாம் இதன் பொறுப்பு. அதற்குச் சற்றுக் கீழே மேல்குடல் தமனி. சிறுகுடலில் பெரும்பகுதியும் பெருங்குடலின் முதல் பாதியும் இதை நம்பித்தான் இருக்கின்றன. இன்னும் கீழே, மெல்லியதாக, கீழ்குடல் தமனி. பெருங்குடலின் மிச்சப் பகுதி இதனுடையது.

இந்த மூன்றும் தனித்தனியாக ஓடுவதில்லை. கணையத்தின் தலைப்பகுதியைச் சுற்றி ஒரு வலைப்பின்னல் சீலியாக் தமனியையும் மேல்குடல் தமனியையும் இணைக்கிறது. பெருங்குடலின் ஓரமாகப் போகும் இன்னொரு பாதை மேல்குடல் தமனியையும் கீழ்குடல் தமனியையும் இணைக்கிறது. எல்லாவற்றுக்கும் கீழே, இடுப்புத் தமனிகளிலிருந்து மலக்குடல் வழியாகவும் கொஞ்சம் ரத்தம் மேலே வர முடியும். பிரதான சாலையை மூடினால் சந்துபொந்துகளில் வண்டி ஓடுவதைப் போலத்தான். கொழுப்புப் படிந்து ஒரு குழாய் பல ஆண்டுகளாக மெல்ல மெல்லச் சுருங்கும்போது, இந்தச் சந்துகள் அகலமாக நேரம் கிடைக்கிறது. அதனால் ஒரு குழாய் முழுக்க மூடிக்கிடந்தும் மனிதர் நன்றாகச் சாப்பிட்டு நடமாடுவது அதிசயமே இல்லை. ரத்தக்கட்டி வந்து ஒரே நாளில் மேல்குடல் தமனியை அடைப்பது வேறு கதை. அங்கே சந்துகள் அகல நேரமே இல்லை.

சாப்பிடாமல் இருக்கும்போது குடலின் தேவை குறைவு. சாப்பிட்டபிறகு மேல்குடல் தமனியில் ஓட்டம் பல மடங்கு ஏறுகிறது. மூன்று குழாய்களும் சேர்ந்தும் அந்தக் கூடுதல் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாதபோதுதான் நோய் வெளியே தெரிகிறது. சாப்பிட்ட கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வயிற்றின் நடுவே வலி வரும், ஒன்றிரண்டு மணி நேரம் இருந்துவிட்டு அடங்கும். நடந்தால் நெஞ்சு வலிப்பது போல, சாப்பிட்டால் குடல் வலிக்கிறது. அமெரிக்க அறுவை மருத்துவர் மிக்கெல்சன் 1957-ல் இதைக் ‘குடல் ஆஞ்சைனா’ என்ற பெயரில் எழுதியதன் காரணம் இதுதான் (ஆஞ்சைனா என்பது இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலி). வலிக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைப்பார்கள், எடை இறங்கும்.

“அறிகுறி இல்லை” என்பதை முதலில் சரிபாருங்கள்

தெரிவுகளை ஒப்பிடுவதற்கு முன்னால் இந்த ஒரு கேள்வியைத் தீர்க்காவிட்டால் மற்றதெல்லாம் வீண். வலி இருப்பவர்களுக்கு ஒரு வழி, இல்லாதவர்களுக்கு வேறு வழி. ஆனால் வலி இல்லை என்று நோயாளி சொல்வது எப்போதும் முழு பதில் ஆகாது.

ரத்தநாள அறுவை மருத்துவர் முதலில் எல்லாரும் கேட்பதைத்தான் கேட்டார். “சாப்பிட்டா வயிறு வலிக்குதாம்மா?” பெரியம்மா உடனே “இல்லைங்க டாக்டர்” என்றார். அவர் அதோடு விடவில்லை. “மூணு வருஷம் முன்னாடி எவ்வளவு சாப்பிடுவீங்க, இப்ப எவ்வளவு சாப்பிடுறீங்க?” பெரியம்மா யோசித்தார். அக்கா குறுக்கிட்டாள்: “ராத்திரி பாதிதான் சாப்பிடுறாங்க. கேட்டா போதும்னு எழுந்துடுறாங்க.” அறையில் ஒரு நிமிடம் எல்லாரும் அமைதியானோம். எப்போதிலிருந்து, எதைச் சாப்பிட்டால், சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து என்று துருவித் துருவிக் கேட்டதில், புதிதாகப் போட்ட பல்செட் கடிக்கும்போது ஈறில் குத்துவதுதான் காரணம் என்று வந்தது. மென்மையான உணவு என்றால் வயிறு நிறையச் சாப்பிடுகிறார். பழைய மருத்துவச் சீட்டுகளை அக்கா கொண்டுவந்திருந்தாள். மூன்று ஆண்டுகளுக்கு முன் 58 கிலோ, இப்போது 57. சரி, இது உண்மையிலேயே அறிகுறி இல்லாத சுருக்கம்தான் என்றார் மருத்துவர்.

பதில் வேறாகவும் இருந்திருக்கலாம். வயதானவர்கள் தெரியாமலேயே தட்டைச் சிறிதாக்கிக்கொள்வார்கள். ஒரு வேளையை இரண்டாகப் பிரிப்பார்கள், எண்ணெய்ப் பண்டத்தை ஒதுக்குவார்கள், “வயசாச்சு, முன்ன மாதிரி செரிக்கல” என்பார்கள். வலியே வராத அளவுக்குச் சாப்பாட்டைச் சுருக்கிக்கொண்டவருக்கு வலி எப்படி இருக்கும்? அவர் அறிகுறி இல்லாதவர் பட்டியலில் சேர மாட்டார். அதனால் எடை, அளவு, நேரம் மூன்றையும் வீட்டில் கூட இருப்பவரிடமும் கேட்டுவிட்டுத்தான் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்.

எதிர்காலம் எப்படி: ஒன்றுக்கொன்று முரண்படும் இரண்டு ஆய்வுகள்

முதலாவது ஆறுதல் தருவது. அமெரிக்காவின் வட கரோலினாவில், இதய நலன் ஆய்வு ஒன்றில் ஏற்கெனவே சேர்ந்திருந்த முதியவர்கள் 553 பேருக்கு, ஒலியலையால் ரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். நோய் என்று மருத்துவமனைக்கு வந்தவர்கள் அல்லர், ஊருக்குள் வாழ்ந்துகொண்டிருந்த சாதாரண முதியவர்கள். 2004-ல் வெளியான முடிவின்படி அவர்களில் 97 பேருக்கு, அதாவது 17.5 சதவீதம் பேருக்கு, குறிப்பிடத்தக்க சுருக்கம் இருந்தது. ஆறு பேரில் ஒருவர்! அவர்களைச் சராசரியாக ஆறரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006-ல் அடுத்த கட்டுரை வந்தது. சுருக்கம் இருந்தவர்களில் குடலுக்கு ரத்தம் போதாமல் இறந்தவர் யாரும் இல்லை. சுருக்கம் இருப்பதால் மட்டும் ஆயுள் குறைந்ததாகவும் தெரியவில்லை.

இரண்டாவது ஆய்வு 1998-ல் வந்தது. வேறு காரணங்களுக்காகப் பெருந்தமனி ஆஞ்சியோகிராம் எடுத்த 980 பேரின் படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். 82 பேருக்குக் குடல் தமனி ஒன்றிலாவது பாதிக்கு மேல் சுருக்கம் இருந்தது. அவர்களில் 60 பேரைச் சராசரியாக 2.6 ஆண்டுகள் பின்தொடர முடிந்தது. அதற்குள் 40 சதவீதம் பேர் இறந்துவிட்டார்கள். நான்கு பேருக்குக் குடலில் ரத்த ஓட்டக் குறைவு நோய் வந்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் தலை சுற்றும். எதை நம்புவது? இரண்டையும் நம்பலாம் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் பார்க்கப்பட்ட மனிதர்கள் வேறு. முதல் ஆய்வில் சுருக்கம் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சீலியாக் தமனி ஒன்று மட்டுமே சுருங்கியிருந்தது. சீலியாக், மேல்குடல் இரண்டும் சேர்ந்து சுருங்கியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. இரண்டாவது ஆய்வில் இருந்தவர்கள் ஆஞ்சியோகிராம் எடுக்கும் அளவுக்கு ரத்தக்குழாய் நோய் முற்றியவர்கள். அவர்களில் இறந்தவர்களில் பெரும்பாலோர் குடலால் இறக்கவில்லை.

இன்னும் முக்கியமான செய்தி அந்த நான்கு பேரிடம் இருக்கிறது. நால்வருக்குமே மூன்று தமனிகளும் கடுமையாகச் சுருங்கியோ மூடியோ இருந்தன. 60 பேரில் மூன்றும் பாதிக்கப்பட்டவர்கள் மொத்தம் 15 பேர்தான். அதாவது 15-ல் 4. ஒன்று அல்லது இரண்டு குழாய் சுருங்கிய மற்ற 45 பேரில் ஒருவருக்குக்கூட வரவில்லை. அந்த 15 பேரில் 86 சதவீதம் பேருக்குக் கெட்டது நடந்தது என்று இந்த ஆய்வை மேற்கோள் காட்டுவதுண்டு. அந்த எண்ணைக் கண்டு மிரள வேண்டாம். குடல் நோய், தெளிவில்லாத வயிற்றுத் தொந்தரவு, எந்தக் காரணத்தாலும் நேர்ந்த மரணம் என மூன்றையும் ஒன்றாகக் கூட்டி வந்த எண் அது. 15-ல் 4 என்பதே நேர்மையான கணக்கு. அதுவும் சின்ன எண்ணிக்கைதான், ஆனாலும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாதது.

ஆக, சுருக்கம் எத்தனை சதவீதம் என்பதைவிட எத்தனை குழாய், எந்தக் குழாய் என்பதே எதிர்காலத்தை அதிகம் சொல்கிறது. அறிக்கையில் 80, 90 என்ற எண்ணைப் பார்த்ததும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. கண் அடுத்துப் போக வேண்டிய இடம், மற்ற இரண்டு குழாய்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பது. கீழ்குடல் தமனியைப் பற்றிப் பல அறிக்கைகளில் ஒரு வார்த்தையும் இருக்காது. பெரியம்மாவின் அறிக்கையிலும் இல்லை. கேட்டதும் மருத்துவர் கணினியில் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, நூல் போல ஒரு வெள்ளைக் கோட்டைக் காட்டி, “இது திறந்திருக்கு, நல்லாவே இருக்கு” என்றார். எங்கள் முடிவில் அந்தக் கோட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

முதல் வழி: குழாயைத் தொடாமல் மருந்தும் பழக்கமும்

“ஒன்றும் செய்யாமல் விடுவது” என்று இதைச் சொல்வது தவறு. குடல் தமனியில் கொழுப்பு படிந்திருக்கிறது என்றால் இதயத்திலும் கழுத்துத் தமனியிலும் காலிலும் படிந்திருக்க வாய்ப்பு அதிகம். இவர்களைக் கொண்டுபோவது பெரும்பாலும் மாரடைப்பும் பக்கவாதமும்தான். தற்செயலாகக் கிடைத்த இந்த அறிக்கை, உடம்பு முழுக்க உள்ள ரத்தக்குழாய்களைப் பற்றிய எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டால் அது ஓர் அதிர்ஷ்டம்.

புகையை அடியோடு நிறுத்துவது, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, பொருத்தமானவர்களுக்கு ஆஸ்பிரின் போன்ற மாத்திரை. ஆஸ்பிரின் எல்லாருக்கும் ஏற்றதல்ல. வயிற்றுப் புண், ரத்தக்கசிவு இருந்தவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பெரியம்மாவுக்கு அதற்கு முன் ஸ்டாட்டின் யாரும் எழுதித் தரவில்லை. கொழுப்பு ‘எல்லைக்குள்தான்’ இருந்ததாம்.

அதிகம் பேசப்படாத இன்னொன்று, உடம்பில் நீர் வற்றவிடாமல் பார்த்துக்கொள்வது. சுருங்கிய குழாய்க்குப் பின்னால் இருக்கும் குடலுக்கு, ரத்த அழுத்தம் சட்டென்று விழுவது ஆபத்து. கடுமையான வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல் வந்தால் இவர்கள் மற்றவர்களைவிட சீக்கிரம் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒற்றைத் தலைவலிக்குத் தரப்படும் எர்கோட்டமின் வகை மருந்துகள் ரத்தக்குழாயை இறுக்கும், அவை இவர்களுக்கு ஆகாது.

இந்த வழியின் குறை ஒன்றுதான். சுருக்கம் அப்படியே இருக்கும், கூடவும் செய்யலாம். மனசு அதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் வழி: கூடவே கண்காணிப்பு

முதல் வழியோடு குறிப்பிட்ட இடைவெளியில் டாப்ளர் ஸ்கேனும் அறிகுறி விசாரிப்பும் சேர்ந்தால் இரண்டாம் வழி. காலையில் வெறும் வயிற்றில் போக வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் போனால் ஓட்டம் கூடி அளவு குழம்பும், குடலில் வாயு இருந்தால் படம் தெரியாது. ஜெல்லைத் தடவி, கருவியைத் தொப்புளுக்கு மேலே அழுத்தி வைத்துத் தேடுவார்கள். திடீரென்று அறையில் உஸ், உஸ் என்று ரத்தம் பாயும் ஓசை கேட்கும். குழாய் குறுகும் இடத்தில் அந்த ஓசை கூர்மையாகிச் சீறும். நீர்க்குழாயின் நுனியை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீறிடுவது போல, குறுகிய இடத்தில் ரத்தம் வேகமாகப் போகிறது. அந்த வேகத்தைத்தான் அளக்கிறார்கள். மேல்குடல் தமனியில் உச்ச வேகம் வினாடிக்கு 275 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, சீலியாக் தமனியில் 200-ஐத் தாண்டினாலோ 70 சதவீதத்துக்கு மேல் சுருக்கம் என்று பரவலாக எடுத்துக்கொள்கிறார்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கவும் வெளியே விடவும் சொல்வார்கள், அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கண்காணிப்பு பலன் தருமா? 1936-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் டன்ஃபி, குடல் தமனி அடைத்து இறந்த 12 பேரின் நோய்க் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார். 7 பேருக்கு அதற்கு முன்பே வயிற்றுவலி வந்து வந்து போயிருந்தது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எச்சரிக்கை கிடைத்திருக்கிறது, அதைப் படிக்கத்தான் ஆள் இல்லை. அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. மீதி 5 பேருக்கு அப்படி ஒரு முன்கதை குறிப்புகளில் இல்லை. அதனால் கண்காணிப்பு முழுப் பாதுகாப்பு அல்ல. ஒரே ஒரு குழாயில், அதுவும் சீலியாக்கில் மட்டும் சுருக்கம் உள்ளவருக்கு மாதாமாதம் ஸ்கேன் எடுப்பதால் கவலைதான் மிச்சம். இரண்டு குழாய் சுருங்கியவருக்கு, அதிலும் மேல்குடல் தமனி அதில் ஒன்று என்றால், ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்ப்பது நியாயம் என்பது என் எண்ணம். எங்கள் மருத்துவரும் அதையே சொன்னார்.

மூன்றாம் வழி: முன்கூட்டியே ஸ்டென்ட்

தம்பியின் யோசனை. தொடையிலோ கையிலோ உள்ள தமனி வழியாக நுழைந்து, சுருங்கிய இடத்தை பலூனால் விரித்து, ஸ்டென்ட் வைப்பது. மேல்குடல் தமனியை இப்படி பலூனால் விரித்த முதல் அனுபவம் 1980-லேயே வெளியானது. இதயத் தமனிக்கு இந்தச் சிகிச்சையைக் கண்டுபிடித்த க்ருன்ட்ஸிக் அந்தக் குழுவில் இருந்தார். வலி இருப்பவர்களுக்கு இன்று இதுதான் பெரும்பாலும் முதல் தேர்வு, கைமேல் பலன் தருவதும்கூட. சாப்பிடப் பயந்தவர்கள் சில நாட்களில் வயிறாரச் சாப்பிடுகிறார்கள்.

வலி இல்லாதவருக்கு அப்படி ஓர் உடனடிப் பலன் கிடையாது. அவருக்கு ஸ்டென்ட் தரக்கூடிய ஒரே லாபம், வரலாம் என்று நாம் அஞ்சும் ஒன்றைத் தடுப்பது. ஆனால் விலை உடனே கொடுக்க வேண்டியது. கம்பி உரசிக் குழாயின் உட்சுவர் கிழியலாம், படிவின் துகள் பிரிந்து கீழே போய்ச் சிறு கிளைகளை அடைக்கலாம், குத்திய இடத்தில் ரத்தம் கட்டலாம், படத்தில் குழாய் தெரிவதற்காகச் செலுத்தும் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அமெரிக்க மருத்துவமனைகளின் 1988 முதல் 2006 வரையிலான பதிவுகளில், நாள்பட்ட குடல் ரத்தக்குறைவுக்கு இந்த முறையில் சிகிச்சை பெற்றவர்களில் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 3.7 சதவீதம். அவர்கள் நோயால் மெலிந்தவர்கள், நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு ஆபத்து குறைவாக இருக்கும், இன்று கைத்திறனும் கூடியிருக்கிறது. இருந்தாலும் ஒரு குழாய் மட்டும் சுருங்கியவரின் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். ஆறரை ஆண்டுகளில் குடலால் யாருமே இறக்காத கூட்டத்தைச் சேர்ந்தவர் அவர். தானாக வராத ஆபத்தை நாமே கூப்பிட்டு உட்காரவைப்பது போலாகிவிடும்.

வைத்தபிறகும் முடிந்துவிடுவதில்லை. உள்ளே மீண்டும் சுருங்கும். நெதர்லாந்தில் நடந்து 2024-ல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், உறை போட்ட ஸ்டென்ட்களில் 81 சதவீதம் இரண்டு ஆண்டுக்குப் பிறகும் திறந்திருந்தன. வெறும் உலோக ஸ்டென்ட்களில் 49 சதவீதம்தான். அதில் சேர்ந்தவர்கள் எல்லாரும் வலி இருந்தவர்கள். யாராவது ஸ்டென்ட் வைக்கச் சொன்னால் எந்த வகை என்று கேட்பதற்கு இந்த இரண்டு எண்கள் போதும். அப்புறம் ஸ்டென்ட் வைத்தவருக்கும் டாப்ளர் கண்காணிப்பு உண்டு, வைக்காதவரைவிட அடிக்கடி. ஸ்கேனிலிருந்து தப்பிக்கலாம் என்று இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

நான்காம் வழி: பைபாஸ்

வயிற்றைத் திறந்து, பெருந்தமனியிலிருந்து சுருக்கத்துக்கு அப்பால் மாற்றுக் குழாய் தைப்பது. நீண்ட நாள் நிற்கும், மீண்டும் அடைப்பதும் ஸ்டென்டைவிடக் குறைவு. ஆனால் மேலே சொன்ன அதே பதிவுகளில் திறந்த அறுவைக்குப் பின் இறந்தவர்கள் ஸ்டென்டைப் போல மூன்று மடங்குக்கும் மேல். வலியே இல்லாத ஒருவருக்கு இதை மட்டுமே தனியாகச் செய்வதை நான் எங்கும் நியாயப்படுத்த முடியவில்லை. வேறு காரணத்துக்காகப் பெருந்தமனியில் அறுவை நடக்கும்போது கூடவே செய்வது வேறு விஷயம்.

கணக்கு தலைகீழாகும் இடங்கள்

மூன்று குழாய்களும் கடுமையாகச் சுருங்கியவருக்கு மேலே போட்ட கணக்கு மாறிவிடுகிறது. 15-ல் 4 என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குடல் திடீரென்று ரத்தமிழந்தால் பாதிப் பேராவது பிழைப்பதில்லை. இந்த நிலையில் முன்கூட்டியே மேல்குடல் தமனியைச் சரிசெய்வதைப் பற்றிப் பேசாமல் இருப்பதுதான் தவறு. 1998 ஆய்வைச் செய்தவர்களே அதைப் பரிசீலிக்கச் சொன்னார்கள். வயது, இதயத்தின் நிலை, சிறுநீரகம், இன்னும் எத்தனை ஆண்டு நல்லபடியாக வாழ வாய்ப்பு என்பதெல்லாம் சேர்ந்து முடிவாகும். 65 வயதில் சுறுசுறுப்பாக நடமாடுபவருக்கு நான் ஸ்டென்ட் பக்கம் சாய்வேன். 85 வயதில் இதயம் பலவீனமானவருக்கு மாட்டேன்.

வேறு அறுவை வரும்போதும் அப்படித்தான். பெருந்தமனி வீக்கத்துக்குச் சிகிச்சை செய்யும்போது கீழ்குடல் தமனியைக் கட்டுவதோ மூடுவதோ வழக்கம். பெரும்பாலோருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. மேலே உள்ள இரண்டும் அடைத்து, கீழ்குடல் தமனி ஒன்றே குடல் முழுவதற்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தால் அதை மூடுவது குடலைக் கொல்வதாகும். கணையத் தலைக்கட்டி அறுவையில் சீலியாக் தமனிக்கும் மேல்குடல் தமனிக்கும் நடுவே உள்ள அந்தச் சந்து வெட்டப்படுகிறது. சீலியாக் அடைத்தவரின் கல்லீரல் அந்தச் சந்தை நம்பித்தான் இருக்கும். ஆகவே எந்த வயிற்று அறுவைக்குப் போனாலும் இந்தச் சுருக்கத்தை அறுவை மருத்துவரிடம் சொல்லியே தீர வேண்டும்.

சீலியாக் மட்டும் சுருங்கியவர்களில், குறிப்பாக இளம் வயதினரிடம், பல சமயம் கொழுப்பே காரணமாக இருக்காது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் நார்ப்பட்டை ஒன்று குழாயை மேலிருந்து அழுத்துகிறது. மூச்சை வெளியே விடும்போது அழுத்தம் கூடும், இழுத்துப் பிடித்தால் தளரும். டாப்ளர் அறையில் மூச்சை வைத்து விளையாடுவது இதற்காகத்தான். அறிகுறி இல்லாதவருக்கு இதில் செய்ய எதுவுமில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதிக ஓட்டத்தைச் சுமக்கும் கணையச் சந்துக் குழாய்களில் எப்போதாவது குமிழ் போல வீக்கம் உருவாகும். அது சிறியதாக இருந்தாலும் வெடிக்கக்கூடியது, அதற்குச் சிகிச்சை வேண்டும். ஸ்கேனில் அப்படி ஏதாவது உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நாங்கள் எடுத்த முடிவு

பெரியம்மாவின் நிலை நடுவில் இருந்தது: இரண்டு சுருக்கம், ஒன்று திறந்த குழாய், அறிகுறி இல்லை, வயது 74. மாமா சொன்னபடி அப்படியே விடவும் மனமில்லை, தம்பி சொன்னபடி ஸ்டென்டுக்குப் போகவும் ஆதாரம் போதவில்லை. இரண்டாம் வழியை எடுத்தோம். ஸ்டாட்டினும் ஆஸ்பிரினும் ஆரம்பித்தார்கள். பல்செட்டைச் சரிசெய்தோம், ராத்திரிச் சாப்பாடு பழைய அளவுக்கு வந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு எடை பார்த்து நாட்காட்டியிலேயே எழுதுகிறாள் அக்கா. மூன்று கிலோ இறங்கினாலோ, சாப்பிட்டபின் வலி என்று பெரியம்மா இரண்டு தடவை சொன்னாலோ, ஆண்டுப் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் போவது என்று மருத்துவரோடு பேசி வைத்திருக்கிறோம். அப்போது அவர் அறிகுறி உள்ளவர் ஆகிவிடுவார், ஸ்டென்ட் முதல் இடத்துக்கு வந்துவிடும்.

அவசரத்துக்கு என்ன செய்வது என்றும் கேட்டுக்கொண்டோம். திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி, ஆனால் அழுத்திப் பார்த்தால் வயிறு மென்மையாகவே இருக்கிறது. கூடவே வாந்தியோ வயிற்றுப்போக்கோ. குடல் ரத்தமிழக்கும்போது ஆரம்பத்தில் இப்படித்தான் இருக்குமாம். தொட்டுப் பார்த்த மருத்துவருக்கு வயிறு சாதாரணமாகத் தெரிவதால் வாயு என்று அனுப்பிவிடக்கூடிய நேரமும் அதுதான். அங்கே மணிக்கணக்கு முக்கியம். சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம்தான் பதில் சொல்லும், சிறுநீரகப் பரிசோதனை முடிவுக்காகக்கூட அதைத் தள்ளிப்போடக் கூடாது என்றார் மருத்துவர். “உள்ள நுழைஞ்சதும், குடல் தமனியில சுருக்கம் இருக்குன்னு முதல் வாக்கியமா சொல்லிடுங்க” என்றார்.

அறிக்கையின் இரண்டாம் பக்கத்தை நகலெடுத்து, கடைசி வரிகளுக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, பெரியம்மாவின் மருந்துப் பைக்குள் முதல் தாளாக வைத்திருக்கிறாள் அக்கா.